மூன்றாம் கியர் மழை

வெயிலுகந்தபட்டியில் மழை பெய்தால், பல் டாக்டர் ஹெப்சிபா தன் பச்சைக் காரின் கித்தான் கூரையைப் பின்னால் மடித்துப் போட்டுவிட்டுக் கிளம்பியிருக்கிறாள் என்று அர்த்தம். வேறு வகையாக அந்த ஊரில் மழை பெய்து வெகுகாலம் ஆகியிருந்தது. ஐப்பசியில் மேகம் வரும், கம்மாயை எட்டிப் பார்க்கும், தீப்பெட்டி ஆலைகளின் தகரக் கூரைகள் மேல் கொஞ்சநேரம் நிழல் போட்டு நிற்கும், பிறகு வழி தவறி வந்த விருந்தாளி மாதிரி மேற்கே மலையைப் பார்த்துப் போய்விடும். ஆனால் ஹெப்சிபா கூரையைத் திறந்தால், சித்திரை நடுப்பகலாக இருந்தாலும், வானத்தில் பொட்டு மேகம் இல்லாவிட்டாலும், கார் போகிற தடத்துக்கு இரண்டு பக்கமும் கூப்பிடு தூரத்துக்கு மழை இறங்கும். கூரையை மூடினால் நின்றுவிடும்.

அது இரண்டே பேர் உட்காரக்கூடிய, தரையோடு தரையாகப் பதுங்கி ஓடுகிற, அவள் பிறப்பதற்கு முன்பே சீமையில் செய்த பந்தயக் கார். கல்லூரியில் படிக்கும்போது கொடைக்கானலுக்குச் சுற்றுலா போன இடத்தில், ஒரு காப்பித் தோட்டத்துப் பங்களாவின் கொட்டகையில் அதைப் பார்த்தாள். பார்த்தது முதல் அவளுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு ஆசைதான் இருந்தது: அந்தக் காரில் கூரையைத் திறந்துவிட்டு, கரிசல் காட்டின் நடுவே கடல் வரைக்கும் நூல் பிடித்தது போல் போகிற ரோட்டில், முகத்தில் வெயில் பட, தலைமுடி காற்றில் பறக்க ஓட்டிக்கொண்டு போகவேண்டும். படித்து முடித்து, சொந்த ஊரில் ஆஸ்பத்திரி வைத்து, அம்மாவையும் அப்பாவையும் அடுத்தடுத்து கல்லறைத் தோட்டத்தில் விட்டுவிட்டு வந்தபிறகு, ஒருநாள் மறுபடியும் கொடைக்கானலுக்குப் போனாள். தோட்டத்துக்காரரின் மனைவி மட்டும் அங்கே இருந்தார். "என் வீட்டுக்காரர் இதை டாப்பைத் திறந்து ஓட்டி ஒருநாளும் நனையாமல் திரும்பினதில்லை" என்று சொல்லித்தான் சாவியைக் கொடுத்தார். எப்போதும் மழை பெய்கிற மலையில் அந்தப் பேச்சுக்கு வேறு அர்த்தம் இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

சமவெளிக்கு இறங்கி, கரிசல் காடு தொடங்கிய இடத்தில், சுடுகிற உச்சி வெயிலில் அவள் கூரையைத் திறந்தாள். ஊர் எல்லைக்குள் நுழையும்போது தலை முதல் கால் வரை தொப்பலாக நனைந்திருந்தாள்.

ஊர் முதலில் மழையைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தது. கல்யாணம் ஆகாத பொம்பளை, ஈரச்சேலை உடம்போடு ஒட்டியிருக்க, ஆம்பளைப் பிள்ளைகள் ஓட்டவேண்டிய காரை ஓட்டிக்கொண்டு கடைவீதியில் வருகிறாள் என்பதுதான் அன்றைக்குப் பேச்சு. மறுமாதம் அவளைப் பெண் பார்க்க நாசரேத்திலிருந்து வந்தவர்கள் வாசலில் நின்ற காரைப் பார்த்துவிட்டு, காப்பி குடிக்காமலேயே எழுந்து போனார்கள். அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. சபையில் போதகர், அடக்கமில்லாத அலங்காரத்தைப் பற்றி ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் பண்ணினார், அவர் யாரைச் சொல்கிறார் என்று தெரியாதவர் அன்று கோவிலில் இல்லை.

மழையைப் பார்த்தவர் கொண்டப்ப நாயக்கர். ஊருக்குத் தெற்கே மிளகாயும் மல்லியும் போட்டு, போட்டதைத் தீயவிட்டு, மறுபடியும் போட்டுக்கொண்டிருந்த சம்சாரி. அவர் தன் காட்டு வரப்பில் உட்கார்ந்து, கார் போகும்போது பெய்வதையும் போனபின் நிற்பதையும் ஒரு கோடை முழுவதும் பார்த்துவிட்டு, ஒருநாள் காலையில் ஆஸ்பத்திரிக்கு வந்து, பல்லைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் கைகூப்பி நின்றார்.

"டாக்டரம்மா, நாளைக்குக் கடல் பக்கம் போறதா இருந்தா, நம்ம ஓடைப் பாதை வழியா ஒரு சுத்து சுத்திட்டுப் போங்க. செடி வாடிப்போய்க் கெடக்கு."

அவள் போனாள். அவரைத் தொடர்ந்து பக்கத்துக் காட்டுக்காரர் வந்தார், பிறகு பக்கத்து ஊர், பிறகு அதற்கடுத்த ஊர். வெயிலுகந்தபட்டிக்காரர்கள் ஆச்சரியப்பட்டு நேரத்தை வீணாக்குகிறவர்கள் இல்லை. ஒரு காரால் மழை பெய்யும் என்று ஆனபிறகு, எப்படிப் பெய்ய வைத்தால் தோது என்பதுதான் அவர்களுடைய யோசனையாக இருந்தது. கார் மெதுவாகப் போனால் தூறலும் வேகமாகப் போனால் அடைமழையும் வருகிறது என்று கண்டுகொண்டார்கள். விதைப்புக்கு முதல் கியர் மழை, களையெடுத்த பிறகு இரண்டாம் கியர் மழை, கம்மாய் நிறைய மூன்றாம் கியர் மழை என்று பேர் வந்தது, பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் மழையின் வகைகளை அப்படித்தான் சொன்னார்கள், வாத்தியார்களும் திருத்தவில்லை. வடக்கே தீப்பெட்டி ஆலைகளில் குச்சி காயவேண்டும், தெற்கே செடி நனையவேண்டும் என்பதால், ரயில்வே கேட்டைத் தாண்டி வடக்கே வரும்போது கூரையை மூடிவிட வேண்டும் என்று ஆலை முதலாளி தனுஷ்கோடியும் சம்சாரிகளும் உட்கார்ந்து பேசி முடித்தார்கள். அந்தப் பேச்சுக்கு ஹெப்சிபாவை யாரும் கூப்பிடவில்லை. முடிவை மட்டும் வந்து சொன்னார்கள்.

கார் எல்லோருக்கும் பொதுவாயிற்று. முன்கண்ணாடியில் வெயிலுகந்தம்மன் குங்குமம் வைத்தார்கள், ஸ்டீயரிங்கில் தர்காவிலிருந்து வந்த பச்சைக் கயிறு கட்டினார்கள், அடக்கத்தைப் பற்றிப் பிரசங்கம் பண்ணின போதகர் அறுப்பின் பண்டிகைக்குக் காரை ஆலய வாசலில் நிறுத்தச் சொல்லி ஜெபம் பண்ணினார். ஈரச்சேலையைப் பற்றிப் பேசினவர்களே இப்போது கார் வரும்போது செருப்பைக் கழற்றினார்கள். முதல் வருஷம் அவள் திரும்பி வரும்போது யாராவது ஒருத்தி துண்டும் சுக்குக் காப்பியுமாக வாசலில் நிற்பாள். இரண்டாம் வருஷம் துண்டு மட்டும் படியில் இருந்தது. பிறகு அதுவும் இல்லை. மழை வருவது வழக்கமாகிவிட்டது, வழக்கத்துக்கு யார் துண்டு கொடுக்கிறார்கள்?

ஹெப்சிபாவுக்கு மூக்கடைப்பு நிரந்தரமாயிற்று. வாசனை போயிற்று. முழங்கையிலும் கழுத்திலும் ஈரம் தங்கித் தோல் வெளிறியது. மழைக்கோட்டு போட்டுப் பார்த்தாள், மழை கழுத்து வழியாக இறங்கி உள்ளே தேங்கியது. வருஷக்கணக்காக அந்த ஆசைக் காரை ஓட்டியும், அதில் உட்கார்ந்து ஒருதரம்கூட அவள் முகத்தில் வெயில் பட்டதில்லை.

ஆனால் அவள் ஓட்டாமல் இருக்கவில்லை. அதற்குக் காரணம் அவளுடைய தொழில். அந்த ஊரில் ஆழ்குழாய்த் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்களுக்குப் பல் காவியேறிவிடும். தேய்த்தாலும் போகாது, எந்த டாக்டரும் போக்க முடியாது. பெண்பிள்ளைகள் சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்வது அந்தப் பக்கத்து வழக்கம், வெளியூர்க்காரர்கள் அதைக் கூச்சம் என்று நினைத்துப் பாராட்டுவார்கள். கம்மாய் நிறைய ஆரம்பித்து, ஊர்க்கிணறுகள் ஊறி, ஆழ்குழாயை விட்டுவிட்டுக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்த பிள்ளைகளுக்குப் பால்பல் விழுந்து முளைத்த பல் வெள்ளையாக இருந்தது. அந்தப் பிள்ளைகள் வாயைத் திறந்து சிரித்தார்கள். தினமும் ஆஸ்பத்திரி நாற்காலியில் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஒருத்தி காரைக் கொட்டகையில் நிறுத்திவிட்டுச் சும்மா இருக்க முடியாது.

அப்படி இருக்கும்போதுதான் கோயம்புத்தூரிலிருந்து நாச்சிமுத்து என்பவர் போனில் பேசினார். மில் குடும்பத்துக்காரர், பழைய கார்களைச் சேர்த்து வைப்பதில் பித்துப் பிடித்தவர். அறுப்பின் பண்டிகையில் யாரோ எடுத்த படம் எப்படியோ அவர் கண்ணில் பட்டிருந்தது.

"ஏனுங்க டாக்டர், அந்தப் பச்சை வண்டிய எனக்குக் குடுத்துருங்க. பதிலுக்கு என்ற கிட்ட புதுசா ஒண்ணு நிக்குது, அதுவும் ரெண்டு சீட்டு, டாப்பு தொறக்கற வண்டிதானுங்க. பொத்தானை அமுக்கினாத் தானா மடங்கிக்கும். வந்து ஓட்டிப் பாருங்க, புடிச்சா மாத்திக்கலாம்."

கூரையை மூடிக்கொண்டு கோயம்புத்தூருக்குப் போனாள். ஆரஞ்சு நிறத்தில் நின்றது புதுக்கார். பொத்தானை அமுக்கினாள், கூரை ஒரு பூனை முதுகை மடிப்பது போல் மடங்கிப் பின்னால் போயிற்று. பல்லடம் ரோட்டில் கொஞ்ச தூரம் போனதும் பழக்கத்தில் கழுத்தைச் சுருக்கிக்கொண்டு மழைக்குக் காத்திருந்தாள். மழை வரவில்லை. வெயில் வந்தது. நெற்றியில், கன்னத்தில், ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த கைகளின் மேல் வெயில் படிந்தது, தலைமுடி பிரிந்து காற்றில் எழுந்தது, மூக்கு மெல்ல மெல்லத் திறந்து, வழியில் எங்கோ வெங்காயம் வதக்குகிற வாசனை உள்ளே வந்தது. அந்த வாசனைக்கு அவள் காரை ஓரம் கட்டிவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். யோசித்துச் சொல்கிறேன் என்று நாச்சிமுத்துவிடம் சொல்லிவிட்டுப் பச்சைக் காரிலேயே திரும்பி வந்தாள்.

வந்ததும் அவள் செய்த ஒரே தவறு, கொண்டப்ப நாயக்கரிடம் அதைச் சொன்னது. மறைத்து வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. பொழுது சாய்வதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது.

முதலில் அன்பு வந்தது. முட்டை, மிளகாய் வற்றல், பனங்கிழங்கு, வெகுகாலமாக வராமல் இருந்த துண்டு, எல்லாம் படியில் வந்து உட்கார்ந்தன. பல் நன்றாக இருக்கிறவர்கள்கூட வந்து நாற்காலியில் படுத்து, வாயைத் திறந்தபடியே கெஞ்சினார்கள். ஒரு தாய் தன் மகளைக் கூட்டிவந்து, "டாக்டரம்மாவுக்குச் சிரிச்சுக் காட்டு" என்றாள். பிள்ளை சிரித்துக் காட்டியது, ஹெப்சிபாவால் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வடக்கிலிருந்து தனுஷ்கோடி ஒரு கூடை நிறைய ஆப்பிள் அனுப்பி, "மாத்திருங்கம்மா. எத்தனை நாளைக்குத்தான் நீங்க நனைவீங்க" என்று சொல்லி அனுப்பினார். அவள் நனைவதைப் பற்றி ஒருவர் கவலைப்பட்டுச் சொன்னது அதுதான் முதல்முறை. சொன்னவர் யார் என்பதால் அவளுக்கு அது கசந்தது. கூடையைத் திருப்பி அனுப்பினாள்.

அன்புக்குப் பிறகு கோபம் வந்தது. ஊர்ப் பொதுவில் இருக்கிறதைத் தனியாள் எப்படி மாற்றலாம் என்று பேச்சு எழுந்தது. வெயிலுகந்தம்மன் கோவில் மைதானத்தில் கூட்டம் போட்டார்கள், இந்தமுறை அவளைக் கூப்பிட்டார்கள், பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். எல்லோரும் பேசி முடிக்கிறவரை அவள் அதில் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து, கார்ச் சாவியை மேசைமேல் வைத்தாள்.

"கார் ஊருக்குப் பொதுன்னு சொல்றீங்க. சரி, எடுத்துக்கோங்க. நான் மாத்தவும் இல்ல, விக்கவும் இல்ல. யார் திறந்து ஓட்டினாலும் பெய்யும், அதுக்கு நான் வேணும்னு இல்ல. முறை வச்சு ஓட்டுங்க. நான் வீட்டுல இருக்கேன்."

கூட்டம் கைதட்டியது. நாலைந்து பேர் அழுதுகொண்டே அவள் காலைத் தொட வந்தார்கள்.

அவள் சொன்னது உண்மைதான், யார் ஓட்டினாலும் பெய்தது. முதலில் ஓட்டியவர் தன் காட்டைச் சுற்றிச் சுற்றியே வந்தார், அவர் வாய்க்கால் உடைந்து பக்கத்துக் காட்டின் மல்லி எல்லாம் சாய்ந்தது. இரண்டாமவர் தன் பங்காளியின் நிலம் வந்ததும் கூரையை மூடி, தாண்டினதும் திறந்தார். அதற்குப் பழி வாங்க பங்காளி தன் முறை வந்தபோது அவருடைய களத்தில் மிளகாய் காய்கிற நேரமாகப் பார்த்து மூன்றாம் கியரில் போனான். சம்பளத் தகராறில் ஆலையிலிருந்து நிறுத்தப்பட்ட ஒருவன் கேட்டைத் தாண்டியும் கூரையை மூடாமல் ஓட்ட, தனுஷ்கோடியின் முற்றத்தில் பரப்பியிருந்த குச்சி முழுவதும் ஊறிப் போயிற்று. ஓட்டினவனுக்கெல்லாம் சளி பிடித்தது. சளி பிடித்தவன் மறுமுறைக்கு வரவில்லை. அவனவன் வீட்டில் பெண்டாட்டி, இவர் ஒருத்தர் நனைந்துதான் ஊர் பிழைக்கவேண்டுமா என்று சண்டை போட்டாள். மாதம் முடிவதற்குள் இரண்டு பேருக்கு மண்டை உடைந்து, கார் கம்மாய்க் கரையில் பாதி மூடின கூரையோடு ஒரு பக்கம் சாய்ந்து நின்றது, அதன் மேல் மட்டும் தூறிக்கொண்டிருந்தது.

அந்த ஒரு மாதம் ஹெப்சிபா காய்ந்த உடம்போடு இருந்தாள். காலையில் சபை மணி அடிக்கும்போது காப்பித்தூள் வாசனை தெரிந்தது.

ஒரு மத்தியானம் கொண்டப்ப நாயக்கர் சாவியை எடுத்துக்கொண்டு வந்தார். உள்ளே வந்து உட்காரச் சொன்னாள், உட்கார்ந்தார். துண்டை மடியில் வைத்து நெடுநேரம் நீவிக்கொண்டிருந்துவிட்டுப் பேசினார்.

"எங்களால ஆகல டாக்டரம்மா. ஆளாளுக்குத் தன் காட்டுக்குத்தான் ஓட்டுதான். நான் மட்டும் யோக்கியம்னு சொல்ல வரல, நானும் அப்படித்தான் ஓட்டுனேன். உங்களுக்குக் காடும் இல்ல, கரையும் இல்ல, ஒரு பக்கம் சாய மாட்டீக. நீங்களே ஓட்டுங்க."

"நனைஞ்சு நனைஞ்சு என் உடம்பு என்ன ஆகியிருக்குன்னு தெரியுமா நாயக்கரே? இப்பத்தான் எனக்கு மூச்சு ஒழுங்கா வருது."

"தெரியும் தாயி. தெரியாம இல்ல." அவர் குரலில் உண்மையாகவே வருத்தம் இருந்தது. "ஆனா யோசிச்சுப் பாருங்க. எங்கள்ல ஒருத்தன் படுத்துட்டா, பின்னால ஒரு குடும்பம் நடுத்தெருவுல நிக்கும். பெண்டாட்டி கேப்பா, புள்ள கேக்கும். உங்களுக்கு அப்படி என்ன இருக்கு, ஏன் நனைஞ்சேன்னு கேக்கதுக்கு யாரு இருக்கா?"

அவர் அதை வஞ்சகமாகச் சொல்லவில்லை. அவள் மேல் ஊரில் யாருக்காவது பிரியம் இருந்தது என்றால் அவருக்குத்தான் இருந்தது. ஒரு கணக்கை நேராகப் போட்டுக் காட்டுகிற மாதிரி, ஞாயத்தை ஞாயமாகச் சொல்கிற மாதிரி, அத்தனை மென்மையாகச் சொன்னார். மேசை மேல் இருந்த சாவியை அவள் எடுத்துக்கொண்டாள். "சரி நாயக்கரே, பாத்துக்கிறேன்" என்றாள். அவர் நிம்மதியாகக் கும்பிட்டுவிட்டுப் போனார். அவர் தெருமுனையைத் தாண்டுகிறவரை பொறுத்திருந்துவிட்டு, அவள் நாச்சிமுத்துவை அழைத்து, நாளைக்குக் கொண்டுவருகிறேன் என்றாள்.

மறுநாள் காலையில் கார் கிளம்பிய சத்தம் கேட்டதும், டாக்டரம்மா மறுபடியும் சுற்றுக்கு வருகிறாள் என்று ஊர் முழுக்கப் பரவியது. பெண்கள் கொடியில் கிடந்த துணிகளை அள்ளினார்கள். அண்டாவையும் குடத்தையும் கூரை விளிம்புக்கு நேராக வைத்தார்கள். களத்தில் காய்ந்த மிளகாயைத் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். பிள்ளைகள் சட்டையைக் கழற்றிவிட்டு ரோட்டோரம் வரிசையாக நின்று முகத்தை அண்ணாந்து வைத்துக்கொண்டன. அவர்கள் அத்தனை பேருக்கும் நடுவே, கூரையை இறுக்கி மூடி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, அவள் காரை ஓட்டிக்கொண்டு போனாள். ஒருமுறை திறந்து, கம்மாய் நிறைகிறவரை சுற்றிவிட்டுப் போயிருக்கலாம். அவளுக்கே அது தோன்றியது. தோன்றியும் செய்யவில்லை. கை காட்டின பிள்ளைகளுக்கு அவள் கை காட்டவும் இல்லை.

ஆரஞ்சுக் காரில் அவள் திரும்பி வந்தபோது ஊர் கோபப்படவில்லை. வெயிலுகந்தபட்டி எதையும் ஒரு வழக்கத்துக்குள் கொண்டுவந்து பார்க்கிற ஊர். புது மாடு பழகுவதற்குக் கொஞ்சநாள் ஆகிறதில்லையா, புதுக்காரும் அப்படித்தான் என்று பேசிக்கொண்டார்கள். குங்குமம் வந்தது, பச்சைக் கயிறு வந்தது, தேங்காய் உடைத்தார்கள், போதகர் ஜெபம் பண்ணினார். பிறகு எல்லோருமாகக் கேட்டுக்கொண்டதன் பேரில் அவள் பொத்தானை அமுக்கினாள். கூரை மடங்கியது. ஊரே அண்ணாந்து பார்த்தது. வெயில் பளீரென்று அடித்தது.

அவள் அப்படியே கிளம்பிக் கடல் வரைக்கும் போனாள். போகும்போதும் வரும்போதும் கூரையை மூடவே இல்லை. உப்பளங்கள் கண்ணைக் கூச, கருவேலங்காடுகள் இரண்டு பக்கமும் பின்னால் ஓட, கல்லூரி நாட்களில் நினைத்த மாதிரியே தலைமுடி பறக்கப் போனாள். அதன்பிறகும் பல நாள் போனாள். முகம் கறுத்தது, உடம்பு தேறியது, உதட்டில் உப்புக்காற்று ருசித்தது. அந்த நாட்களில் அவள் சந்தோஷமாக இருந்தாள். பின்னால் வருத்தப்பட்ட காலத்திலும், அந்தச் சந்தோஷத்தை இல்லை என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை.

அந்த வருஷம் மழை இல்லை. அடுத்த வருஷமும் இல்லை. கம்மாய் வற்றி வெடித்தது, கிணறுகளில் வாளி போய்க் கல்லில் மோதியது, மூடி வைத்த ஆழ்குழாய்களை மறுபடியும் திறந்தார்கள். பழைய கார் இல்லாததால் மழை இல்லை என்று யாரும் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் சாவியைத் திருப்பிக் கொடுத்ததையும் சொல்லவேண்டி வரும். புதுக்கார் மேகத்தைத் தின்கிறது என்று சொன்னார்கள். கூரை திறந்து அது போகிற திசையில் மேகம் கலைவதைக் கண்ணால் பார்த்ததாகப் பலர் சொன்னார்கள். தெற்கே போனால் சாணி வீசினார்கள், கதவில் ஆணியால் கீறினார்கள். வடக்கே போனால் தீப்பெட்டி ஆலைக்காரர்கள் மாலை போட்டார்கள், குச்சி காயப்போடுகிற நாட்களில் வாசல் பக்கம் ஒரு சுற்று வந்துவிட்டுப் போகச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். ஒரு அதிசயமும் இல்லாத, தொழிற்சாலையில் ஆயிரத்தோடு ஆயிரமாகச் செய்து வந்த கார் அது. அதைப் போய் அந்த ஊர் பழைய காரைவிட உறுதியாக நம்பியது.

நாற்காலியில் வந்து படுத்த பிள்ளைகளின் வாயில், புதிதாக முளைத்த பற்களில், அவள் முதல் காவிக்கறையைப் பார்த்த அன்று ஆஸ்பத்திரியை மூடிவிட்டுக் கோயம்புத்தூருக்குக் கிளம்பினாள்.

நாச்சிமுத்துவின் கொட்டகை குளிரூட்டிய பெரிய கூடமாக இருந்தது. பழைய கார்கள் ஆஸ்பத்திரி வார்டு மாதிரி வரிசையாக, வெள்ளைத்துணி போர்த்திப் படுத்திருந்தன. பச்சைக் காரை அவர் புதுசாகவே ஆக்கியிருந்தார். குங்குமமும் கயிறும் இல்லை. அவள் ஒரே ஒருமுறை ஓட்டிப் பார்க்கிறேன் என்று கேட்க, மனுஷன் சந்தோஷமாகச் சாவியைக் கொடுத்தார். முற்றத்துக்கு ஓட்டிவந்து, கூரையைத் திறந்து, முதல் கியரில் மெதுவாக ஒரு வட்டம் வந்தாள். தூறல் விழுந்தது. வேலைக்காரர்கள் வெளியே நின்ற மற்ற கார்களை மூட ஓடினார்கள். நாச்சிமுத்து வாசல் முகப்புக்குள் ஒதுங்கி நின்று, வெயில் அடிக்கிற வானத்தையும் நனைகிற காரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது எப்பவும் இப்படித்தானுங்களா?"

"எப்பவும் இப்படித்தான். நீங்க திறந்து பார்க்கவே இல்லையா?"

"தூசி படியுமுங்க, திறக்கறதில்ல." உள்ளங்கையை வெளியே நீட்டித் தூறலைத் தொட்டுப் பார்த்தார். "முன்னாடியே சொல்லியிருக்கோணும் நீங்க."

"திரும்பக் கொடுத்திடுங்க. உங்க காரும் வெளியில நிக்குது, அதையும் நீங்களே வச்சுக்கோங்க. பதிலுக்கு எதுவும் வேண்டாம். எங்க ஊர்ல குடிக்கத் தண்ணி இல்ல. சின்னப்பிள்ளைங்க..."

அவர் அவளைக் கைப்பிடித்து இறக்காத குறையாக இறக்கிவிட்டு, பதறிப்போய்த் தன் மேல்துண்டாலேயே சீட்டைத் துடைக்க ஆரம்பித்தார். "இந்தத் தோலு இனி எங்கயும் கெடைக்காதுங்க டாக்டர். நனைஞ்சா வெறைச்சு வெடிச்சுப் போகும். நனையறதுக்குன்னே உங்க ஊருக்கு இத அனுப்பச் சொல்றீங்க. எனக்கு மனசு வருமுங்களா? மழை வர்றப்ப தானா வருமுங்க." பிறகு மெக்கானிக்கைக் கூப்பிட்டு, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கூரைச் சட்டத்தின் மடிப்புகளில் துளை போட்டு, இனி ஒருநாளும் திறக்காதபடி போல்ட்டு முடுக்க வைத்தார். ஒவ்வொரு போல்ட்டையும் தானே இழுத்துப் பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை. காரின் மேல் அவருக்கு இருந்தது உண்மையான பாசம்தான். மதியச் சாப்பாட்டுக்கு இருக்கச் சொல்லி ரொம்பவும் வற்புறுத்தினார்.

திரும்பி வருகிற வழி முழுவதும் ஆரஞ்சுக் காரின் கூரையை அவள் திறக்கவில்லை. போன காரியத்தை ஊரில் யாரிடமும் சொல்லவும் இல்லை. காரை விற்றுவிட்டாள், நடந்து போக ஆரம்பித்தாள். கார் போனபின்னும் மழை வரவில்லை. அதற்கும் ஊர் ஒரு காரணம் வைத்திருந்தது, அதை அவள் கேட்டுக்கொள்ளவில்லை.

பங்குனி மாதம் கன்னம் வீங்கிக் கொண்டப்ப நாயக்கர் வந்தார். அவர் அந்தப் படியேறி மூன்று வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஆள் பாதியாகியிருந்தார். மிளகாய் போடுவதை விட்டுவிட்டு, தனுஷ்கோடியின் ஆலையில் வாசல்காவல் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் ஊசி போட்டு, மரத்துப் போவதற்காகக் காத்திருந்தாள். நாற்காலியில் படுத்தபடி, கூரையைப் பார்த்துக்கொண்டே அவர் கேட்டார்.

"கோயம்புத்தூர் போனீகளாம். நம்ம தனுஷ்கோடி டிரைவர் பாத்துட்டு வந்து சொன்னான். காரு எப்படி இருக்கு தாயி?"

"நல்லா இருக்கு. ஒரு சொட்டு படாம வச்சிருக்காங்க."

அவர் தலையை ஆட்டினார். வாயைத் திறந்தார். கடைவாய்ப் பல் இரண்டு இழுப்பில் வந்துவிட்டது. பஞ்சு வைப்பதற்கு முன்னால், வாயைக் கொப்புளித்துத் துப்பச் சொல்லி, லாரித் தண்ணீரில் கால் டம்ளர் ஊற்றிக் கொடுத்தாள். அவர் வாங்கி வாயில் ஊற்றி, இந்தக் கன்னத்துக்கும் அந்தக் கன்னத்துக்குமாக நெடுநேரம் வைத்துக்கொண்டிருந்தார். பீங்கான் தொட்டியை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் அவளை ஒருமுறை பார்த்தார். பிறகு தொட்டியை லேசாகக் கையால் விலக்கிவிட்டு, ரத்தத்தோடு சேர்த்து அந்தத் தண்ணீரை விழுங்கினார்.

அவள் டம்ளரை வாங்கி, மறுபடியும் ஊற்றிக் கொடுத்தாள்.